சத்தம் போடாத தவக்காலம்

பிப்ரவரி 18, புதன்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு பள்ளிக்குள் நுழைந்ததுமே தலைமையாசிரியர் ஃபாதர் இன்னாசி கூப்பிட்டுவிட்டார். என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்தான். இப்போது நான் நிற்க, அவர் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் புதிதாக அச்சடித்த சின்னப் புத்தகம்: ‘மாணவர் நடத்தை எதிர்பார்ப்புகளும் நலவாழ்வு ஆதரவும்.’ தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

“சார், இனிமே பிரம்பு, முட்டி போட வைக்கிறது, இம்போசிஷன் எதுவும் கிடையாது. சத்தமும் போடக்கூடாது.”

“பிரம்பு சும்மா மேசை மேல கெடக்கும், அவ்வளவுதான் ஃபாதர். நான் எந்தப் பயலையும் தொட்டது கிடையாது.”

“தெரியும் சார். பிரச்சினையே உங்க குரல்தான். போன மாசம் நீங்க ஒன்பது ‘சி’யில போட்ட சத்தத்துக்கு, பின்னாடி தெருவுல பிரசவமான வீட்ல இருந்து ஆள் அனுப்பிச்சாங்க.”

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். வருகிற மே மாதம் எனக்குப் பணி ஓய்வு. பள்ளியின் ஒழுங்குப் பொறுப்பாளராக இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருந்தேன். பதில் வந்துவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் என்மேல் ஒரு புகார் வரக்கூடாது, என் சத்தம் வகுப்பைத் தாண்டக்கூடாது. சரியாக நடந்துகொண்டால் நீட்டிப்பு. இல்லாவிட்டால் மே கடைசியில் மாலை, சால்வை, குரூப் போட்டோ, வீடு.

வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்வது? என் மனைவி விக்டோரியா இறந்து எட்டு மாதமாகிறது. மகள் கத்தாரில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்து “சாப்பிட்டீங்களாப்பா” என்பாள், நான் “ஆச்சும்மா” என்பேன். அதையெல்லாம் எழுத இந்த நாட்குறிப்பை வாங்கவில்லை. தினமும் நாலு வரி எழுதினால் நாக்கு அடங்கும் என்று பாவசங்கீர்த்தனத்தில் என் கோபத்தைச் சொன்னபோது பங்குச் சாமியார் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

ஆக, இந்தத் தவக்காலத்துக்கு என் ஒறுத்தல் இதுதான். சத்தம் போட மாட்டேன். மத்தியானம் சாப்பிடாமல் ஒருசந்தி இருப்பேன். நோன்பிருப்பதை ஊருக்குக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று இன்று பூசையில் பிரசங்கம். ஆகவே யாரிடமும் மூச்சு விடப் போவதில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

பிரம்பை ஆபீசில் ஒப்படைத்தேன். ஒன்பது ‘சி’யின் ஜன்னல் முழுக்க முகங்கள். ஒருத்தனும் சிரிக்கவில்லை. பயம்.

பிப்ரவரி 20, வெள்ளி

நலவாழ்வு ஆதரவுக்கு ஒரு கன்னியாஸ்திரி வந்திருக்கிறார். சிஸ்டர் ஜெசிந்தா. செவ்வாயும் வெள்ளியும் வருவாராம். என் மகளைவிடச் சின்னவர். பழைய வரைபட அறையைக் காலி செய்து, இரண்டு நாற்காலியும் ஒரு ரோஜாச் செடியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அசெம்பிளியில் பேசினார்.

“தம்பிங்களா, ஒருத்தர் மனசு கஷ்டத்துல இருக்கிறதுக்கு அஞ்சு அறிகுறி இருக்கு. வழக்கத்துக்கு மாறா அமைதியாயிடுவாங்க. சரியா சாப்பிட மாட்டாங்க. தூக்கம் கெட்டுப் போகும். ரொம்பப் பிடிச்ச பொருளை எல்லாம் மத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க. ஆசையா செஞ்ச வேலையில ஆர்வம் போயிடும். அப்படி யாரையாவது பார்த்தா கேலி பண்ணாதீங்க, தனியா விடாதீங்க. எங்கிட்ட வந்து சொல்லுங்க.”

நல்ல விஷயம்தான். ஆனால் அசெம்பிளியில் சொன்னால் பயல்கள் தலையில் ஏறுமா? மைதானத்தைத் தாண்டுவதற்குள் உதிர்ந்துவிடும். எதுவாக இருந்தாலும் மனப்பாடம் செய்தால்தான் நிற்கும். ஒன்பது ‘சி’க்கு நான்தான் வகுப்பாசிரியர். கணக்குப் பீரியடில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஐந்து அறிகுறியையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தேன். கடைசி பெஞ்சு பாண்டீஸ்வரன்கூடத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தான். அல்ஜிப்ராவில் அவனால் இரண்டு வரி சொல்ல முடியாது.

பிப்ரவரி 24, செவ்வாய்

பாண்டீஸ்வரன் சட்டை வெளியே தொங்க வந்தான். முன்பெல்லாம் நான் தொண்டையைச் செருமினாலே போதும், வராந்தாவில் போகிறவனும் சேர்ந்து சட்டையை உள்ளே விடுவான். இன்று சிரித்தேன். “பரவாயில்லப்பா, உள்ள போ” என்றேன். பையன் வெலவெலத்துப் போனான்.

பிப்ரவரி 27, வெள்ளி

தவக்காலத்தில் தர்மமும் செய்ய வேண்டும். என் சைக்கிளை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு கீறல் போட்டவனை மூன்று வருடம் மன்னிக்காமல் இருந்தேன் என்பது பள்ளிக்கே தெரியும். வாட்ச்மேன் இரண்டு முறை “நெசமாத்தான் சார் சொல்றீங்களா” என்று கேட்டுவிட்டு, மனசு மாறுவதற்குள் ஏறிப் போய்விட்டார். கேட் அருகே ஒன்பது ‘சி’ பயல்கள் நாலைந்து பேர் குசுகுசுத்துக்கொண்டு நின்றார்கள்.

மார்ச் 3, செவ்வாய்

பாண்டீஸ்வரன் மேசையருகே வந்து நின்றான்.

“சார், நல்லாருக்கீகளா சார்?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“ராத்திரி தூக்கம் வருதா சார்? கண்ணு செவந்துருக்கு.”

என்ன நக்கல் பாருங்கள். தூக்கம் வராதது உண்மைதான். மின்விசிறியில் ஏதோ சத்தம் வருகிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அதை இவனிடம் சொல்ல முடியுமா? “போய் உக்காருப்பா” என்று மெல்லச் சொன்னேன். போய் உட்கார்ந்து பக்கத்துப் பையன் மெல்வினிடம் விரலை மடக்கி ஏதோ எண்ணிக் காட்டினான்.

மார்ச் 6, வெள்ளி

மெல்வின் மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்கே டிபன் பாக்ஸோடு வந்துவிட்டான். “அம்மா கூட வச்சுட்டாங்க சார், நீங்க சாப்புடுங்க.” புளியோதரை வாசனை தூக்கியது. பசியில்லை என்றேன். அவன் மூடியை மூடிய விதத்தைப் பார்த்தால் நான் அவன் குடும்பத்தையே அவமதித்தது போலிருந்தது.

சிஸ்டர் ஜெசிந்தா வராந்தாவில் மடக்கி, “நேரம் இருந்தா ஒரு நாள் வாங்க சார், பேசலாம்” என்றார். நலவாழ்வு ஆதரவு வேலையையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார். நேரம் இல்லை சிஸ்டர் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வீட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் பாண்டீஸ்வரன், மெல்வின், அசாருதீன் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து மணிக்குப் பார்த்தேன், இருந்தார்கள். மத்தியானம் பார்த்தேன், அந்த மூவர் போய் வேறு மூவர் வந்திருந்தார்கள். ஜன்னலில் என் தலை தெரிந்தால் எழுந்து வணக்கம் வைக்கிறார்கள்.

புரிந்துவிட்டது. நீட்டிப்பு விஷயம் எப்படியோ வெளியே கசிந்திருக்கிறது. நான் எப்போது சத்தம் போடுவேன், எப்போது புகார் கொடுக்கலாம் என்று முறை வைத்துக் காவல் காக்கிறார்கள். முப்பத்தைந்து வருடப் பகையைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. இருக்கட்டும். இந்தச் சூசைமாணிக்கம் இவர்களைப் போல எத்தனை பேரைப் பார்த்தவன்.

மார்ச் 12, வியாழன்

ஒன்பது ‘சி’யில் ஆடு.

கரும்பலகைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவே, வெள்ளாடு, உயிரோடு. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தது. சத்தம் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. மாதாவை வேண்டிக்கொண்டு அதை அப்படியே விழுங்கினேன். ஆட்டைச் சுற்றிப் போய்ச் சாக்பீஸை எடுத்து, நாற்கரங்களின் பண்புகளை நடத்தினேன். அது இணைகரம் வரைக்கும் கவனித்துவிட்டு என் வருகைப் பதிவேட்டின் ஓரத்தைத் தின்றது. “பசி போலிருக்கு, பாவம்” என்று மட்டும் சொன்னேன்.

பயல்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. அசாருதீன் டெஸ்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோற்றுப்போன வருத்தம்.

மார்ச் 17, செவ்வாய்

இன்றைய சதி ஆட்டைவிடக் கொடியது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். வகுப்பு முழுக்க ஒரே குரலில், “ஐம்பத்தி நாலு சார்.”

சாக்பீஸ் கையில் ஒடிந்தது. முப்பத்தைந்து வருடம் நான் எதற்காக வாழ்ந்தேன். வெளியே போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். திரும்பி வந்து, “ஏறக்குறைய சரிதான்” என்றேன். இந்த வார்த்தைகளைச் சொன்னதற்காகக் கடவுள் என்னை மன்னிப்பாராக. பின் பெஞ்சில் யாரோ, “முடிஞ்சு போச்சுடா, கணக்கும் போயிருச்சு” என்று சொன்னது காதில் விழுந்தது. என்ன அர்த்தமோ.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டேன். கை பழக்கம். கொட்ட மனசு வராமல் இரண்டையும் நானே குடித்தேன். இப்போதெல்லாம் தூக்கம் வராததற்கு இந்தக் காபிதான் காரணமாக இருக்க வேண்டும். மின்விசிறியைப் பழுது பார்த்தாகிவிட்டது.

மகள் போன் செய்தாள். ஆச்சும்மா என்றேன்.

டீக்கடையில் இன்றும் மூன்று பேர்.

மார்ச் 26, வியாழன்

கோணல்மாணலாகத்தான் எழுத வருகிறது.

மறைமாவட்டக் கல்விச் செயலர் ஃபாதர் பெனடிக்ட் இன்று பள்ளியைப் பார்வையிட வந்தார். மத்தியான இடைவேளை. அவரும் ஃபாதர் இன்னாசியும் நானும் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தோம். அமைதியாக இருக்கிறதே பள்ளி என்று செயலர் பாராட்டினார். நான் அடக்கமாகத் தலையசைத்தேன். அப்போதுதான் மேலே பார்த்தேன்.

தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில், மூன்று மாடி உயரத்தில், பாண்டீஸ்வரன். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை என்னைப் பார்த்து ஆட்டினான்.

“சார், இங்க பாருங்க சார். எதாச்சும் சொல்லுங்க சார்.”

அவன் கால் ஒரு படி வழுக்கியது.

அதன் பிறகு நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. இறங்குடா எருமை என்று ஆரம்பித்தது தெரியும். அவன் பரம்பரை, அவன் மூளை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது என்ன, இறங்கி வந்தால் தோலை உரிக்கப் போகிறேன், ஒவ்வொரு படியாக வாடா, கீழே பார்க்காதே, என்னைப் பார்த்துக்கொண்டே வா, மூதேவி. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. அவன் ஒவ்வொரு படியாக இறங்கினான். கடைசிப் படியில் சட்டையைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டேன். எதற்குக் கட்டிக்கொண்டேன் என்று தெரியவில்லை. அடிக்கக் கூடாது என்ற விதிக்காக இருக்கலாம்.

ஒன்பது ‘சி’ மொத்தமும் கை தட்டியது. “சார் வந்துட்டாருடா” என்று மெல்வின் கத்தினான். அசாருதீன் அழுதுகொண்டே சிரித்தான். நான் எங்கே போயிருந்தேன்?

செயலர் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 27, வெள்ளி

காலையில் ஃபாதர் இன்னாசி கூப்பிட்டார். உயிருக்கு ஆபத்தான காரியம் செய்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று அந்தப் புதுப் புத்தகத்திலேயே இருக்கிறதாம். பாண்டீஸ்வரனுக்குத் திங்கட்கிழமை விசாரணை.

“உங்க விஷயம் பிரச்சினை இல்ல சார். பையன் திமிர்ல ஏறினான், ஒரு மாசமாவே அடங்காம இருந்தான், காப்பாத்துறதுக்காகத்தான் சத்தம் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீட்டிப்பு ஆர்டர்ல அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்னு செயலர் சொல்லிட்டாரு.”

சரி என்றேன். உண்மைதானே, ஒரு மாதமாக அடங்கவில்லைதானே? மனசு லேசாகத்தான் இருந்தது. வராந்தாவில் சிஸ்டர் ஜெசிந்தா இந்த முறை கேட்கவில்லை, கதவைத் திறந்து நாற்காலியைக் காட்டிவிட்டார். நின்றுகொண்டே பேசினேன்.

“சார், அந்தப் பசங்க உங்ககிட்ட வம்பு பண்ணலை. போன மாசத்துல இருந்து ஒன்பது ‘சி’ ஒருத்தர் விடாம எங்கிட்ட வந்துட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் ஒரே விஷயம்தான் சொல்றாங்க. சூசைமாணிக்கம் சாருக்கு அஞ்சு அறிகுறியும் இருக்குன்னு.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“அமைதியாயிட்டீங்க. மத்தியானம் சாப்பிடுறதில்ல. கண்ணு செவந்திருக்கு. பிரம்பையும் சைக்கிளையும் குடுத்துட்டீங்க. திட்டுறதுலகூட ஆர்வம் போயிடுச்சு. வரிசை மாறாம ஒப்பிச்சாங்க சார். யார் இவ்வளவு நல்லா மனப்பாடம் பண்ண வச்சதுன்னு நானே கேட்டேன்.”

“அது தவக்காலம் சிஸ்டர். ஒருசந்தி. ஒறுத்தல். வேறொண்ணும் இல்ல.”

“நானும் அப்படித்தான் இருக்கும்னு சொல்லிப் பார்த்தேன். பாண்டீஸ்வரனுக்குத் தவக்காலம்னா என்னன்னே தெரியலை. தனியா விடக்கூடாதுன்னு நான் சொன்னதுக்காக ஞாயித்துக்கிழமை முறை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. சார் ஒரு தடவை திட்டிட்டா சரியாயிடுவாருன்னு அவங்களா முடிவு பண்ணிட்டாங்க. வகுப்புக்குள்ள வந்த ஆடு பாண்டீஸ்வரனோட மாமாவோடதாம். அதுக்காக வீட்ல அடி வாங்கியிருக்கான்.”

ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மண் காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்று சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போகவில்லை. சமையல் செய்யவும் இல்லை.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

டீக்கடையில் யாரும் இல்லை. நான் சரியாகிவிட்டேன் என்று முறையைக் கலைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நாளெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. திமிர். அதைச் சொன்னால் இன்னும் இரண்டு வருடம் காலையில் எட்டு மணிக்கு எனக்குப் போக ஓர் இடம் உண்டு. பாண்டீஸ்வரனுக்கு என்ன, வேறு பள்ளியில் சேர்ந்துகொள்வான். இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

மார்ச் 30, திங்கள்

ஃபாதர் பெனடிக்ட், ஃபாதர் இன்னாசி, சிஸ்டர். இந்தப் பக்கம் பாண்டீஸ்வரனும் அவன் அம்மாவும். மில் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தார். பையன் முதன்முறையாகச் சட்டையை உள்ளே விட்டிருந்தான்.

“ஏன்ப்பா ஏறுன?” என்றார் செயலர்.

“சும்மா சார்.”

சொல்லலாமே. சார் மனசு சரியில்லை, அதனால் ஏறினேன் என்று சொல்ல வேண்டியதுதானே? என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். கேலி பண்ணக்கூடாது என்று படித்தவன். என்னை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

“சார், நீங்க சொல்லுங்க. திமிர்ல ஏறினான், அப்படித்தானே?”

“இல்ல ஃபாதர். எனக்காக ஏறினான்.”

ஆடு, ஏழெட்டு, டீக்கடை எல்லாவற்றையும் சொன்னேன். செயலருக்குச் சிரிப்பை அடக்கக் கஷ்டமாக இருந்தது. “அப்ப பசங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நீங்க தவக்கால ஒறுத்தல் இருந்திருக்கீங்க. அவ்வளவுதானே சார்?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பையனும் தப்பித்திருப்பானோ என்னவோ, என் மானமும் தப்பித்திருக்கும். ஆனால் நீ புரிந்துகொண்டது தப்பு என்று இன்று சொல்லிவிட்டால், அவன் அடுத்த முறை சரியாகப் புரிந்துகொண்டாலும் வாயைத் திறக்க மாட்டான். என்னிடம் படித்த பையன் சரியான விடை சொல்லியிருக்கிறான். அதைத் தப்பு என்று நான் எப்படிச் சொல்வது.

“தவக்காலம் போன மாசம்தான் வந்துச்சு ஃபாதர். எனக்குத் தூக்கம் போய் ஒம்பது மாசம் ஆகுது. என் சம்சாரம் போனதுல இருந்து. வீட்டுக்குப் போகவே பிடிக்கலை. அதனாலதான் நீட்டிப்பு கேட்டேன், ஒழுங்கைக் காப்பாத்துறதுக்கு இல்ல. பயலுக சொன்னது அஞ்சும் சரி.”

பாண்டீஸ்வரனின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபாதர் இன்னாசி எழுந்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்போதுதான் இவ்வளவு நேரமும் நான் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

பையனுக்கு டி.சி. இல்லை. ஆறு வாரம் சிஸ்டரைப் பார்க்க வேண்டும், தொட்டிப் பக்கம் போகக்கூடாது. எனக்கு நீட்டிப்பு இல்லை. “இந்த நிலையில உங்க மேல இன்னும் பொறுப்பைச் சுமத்துறது சரியில்ல சார்” என்று செயலர் மரியாதையாகச் சொல்லி ஃபைலை மூடினார். ஆறு வாரம் எனக்கும்தான் என்று சிஸ்டர் சொன்னார். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

கறி எடுத்தேன். மகள் போனில் “சாப்பிட்டீங்களாப்பா” என்றாள். இல்லம்மா, தனியாச் சாப்பிடப் பிடிக்கலை என்றேன். அரை மணி நேரம் பேசினோம். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 7, செவ்வாய்

பழைய வரைபட அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. பாண்டீஸ்வரன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். முதலில் எனக்கு, அடுத்து அவனுக்கு. நகர்ந்து இடம் விட்டான். இப்படி ஒரு பெஞ்சில் மாணவனோடு நான் உட்கார்ந்தது கிடையாது.

“சார்.”

“என்ன?”

“உள்ள போனா மொதல்ல அழுக வரும் சார். கண்டுக்காதீக. நானும் அழுதேன், எல்லாப் பயலுகளும் அழுவாய்ங்க. சிஸ்டர் பேப்பர் துணி குடுப்பாக.”

“நான் எதுக்குடா அழணும்?”

“சரிங்க சார்.”

முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தேன். விக்டோரியாவைப் பற்றிப் பேசினேன். அவளுக்குக் காபியில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் தெரியும், அதற்கப்புறம் பாண்டீஸ்வரன் சொன்னதுதான் நடந்தது. வெளியே வந்தபோது அவன் என் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“எத்தனை பேப்பர் சார்?”

“போடா உள்ள” என்றேன். பின்னாடி தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.